வரச் சொன்னவருக்கு வழியில் பொறுப்பில்லையா?

2018 ஜனவரி 4, வியாழக்கிழமை. போக்குவரத்துத் தொழிலாளர்களின் 13-வது ஊதிய ஒப்பந்தப் பேச்சுவார்த்தை முறிந்துவிட்டது என்ற செய்தி மாலையில் பரவியதும், தமிழகத்தின் பல ஊர்களில் அரசுப் பேருந்துகள் பயணிகளைப் பாதி வழியில் இறக்கிவிட்டுப் பணிமனைக்குத் திரும்பின. ஊதிய உயர்வுக் காரணி 2.57 வேண்டும் என்றன சங்கங்கள், 2.44-க்கு மேல் முடியாது என்றது அரசு. 20,000-க்கும் மேற்பட்ட பேருந்துகளைக் கொண்ட ஓர் ஏற்பாடு ஜனவரி 11 வரை தள்ளாடியது. உயர் நீதிமன்றம் வேலைக்குத் திரும்பச் சொன்னது. அரசு தற்காலிக ஓட்டுநர்களை அமர்த்தியது. ஆங்காங்கே விபத்துகள் நேர்ந்தன. கடைசியில் ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரை நடுவராக நியமித்த பிறகு, பொங்கலுக்கு முன்பாகப் பேருந்துகள் ஓடின. அந்த நாட்களைப் பற்றிய விவாதம் முழுக்க அரசு, சங்கம், நீதிமன்றம் என்ற மூன்று தரப்பைச் சுற்றியே நடந்தது. நான்காவதாக ஒரு தரப்பும் இருந்தது. அது கல்லூரி. ஊரை விட்டு எட்டு பத்து கிலோமீட்டர் தள்ளி, புறவழிச்சாலை ஓரத்தில், ஒரே ஒரு டவுன் பஸ் வழித்தடத்தை நம்பி நிற்கும் கல்லூரிகள் நம்மிடம் ஏராளம். வேலைநிறுத்த நாளில் அவை அறிவிப்புப் பலகையில் என்ன எழுதுகின்றன என்பது சின்ன நிர்வாக விஷயமாகத் தோன்றலாம். ‘கல்லூரி வழக்கம்போல் இயங்கும்’ என்ற வரி நடுநிலையான தகவல் அன்று, அது ஓர் அறமுடிவு, அதற்கு முடிவெடுத்தவர் பதில் சொல்ல வேண்டும் என்பதே இங்கே நான் முன்வைக்கும் வாதம்.

கேள்வி இதுதான்: ஒருவரை ஓர் இடத்துக்கு வரச் சொல்பவருக்கு, அந்த இடத்தின் வாசலுக்கு வெளியே உள்ள தூரத்தில் என்ன பொறுப்பு? வளாகப் பாதுகாப்பு என்றதும் நமக்கு நினைவுக்கு வருபவை சுற்றுச்சுவர், வாட்ச்மேன், சிசிடிவி, கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை, ராகிங் தடுப்புக் குழு. எல்லாமே வாசலுக்கு உள்ளே. வெளியே நடப்பது போலீஸ் பாடு, பெற்றோர் பாடு. பேருந்து ஓடும் நாட்களில் இந்தப் பாகப்பிரிவினை யாரையும் உறுத்துவதில்லை. வீட்டுக்கும் கல்லூரிக்கும் நடுவே வேறு யாரும் ஏற்காத பொறுப்பை அரசுப் பேருந்து சத்தமில்லாமல் சுமந்துகொண்டிருக்கிறது. பள்ளி மாணவருக்கும் அரசுக் கல்லூரி மாணவருக்கும் தமிழ்நாடு இலவச பஸ் பாஸ் கொடுப்பது அந்தப் பொறுப்பேற்பின் அத்தாட்சி. வேலைநிறுத்தத்தன்று அந்தப் பாஸ் செல்லாக்காசு. ஷேர் ஆட்டோக்காரர் அதைக் கையில் வாங்கிக்கூடப் பார்க்க மாட்டார். வழக்கமான கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு, மூன்று மடங்கு கேட்பார். இடமில்லாத வண்டியில் ஓட்டுநருக்குப் பக்கத்தில் ஒண்டிக்கொள்ளச் சொல்வார். கையில் பணமும் மனத்தில் துணிவும் உள்ளவர் போய்ச் சேர்வார். மற்றவருக்கு ‘ஆப்சென்ட்’.

வழியில் யாருக்குப் பொறுப்பு என்ற கேள்வியை மிகக் கூர்மையாகக் கேட்டது யூத மரபு என்று நினைக்கிறேன். விவிலியத்தின் உபாகமம் 21-ஆம் அதிகாரத்தில் விசித்திரமான ஒரு சடங்கு வருகிறது. ஊருக்கு வெளியே வெட்டவெளியில் கொலையுண்ட ஒருவரின் உடல் கிடக்கிறது. கொன்றவர் யாரென்று தெரியவில்லை. மூப்பர்களும் நீதிபதிகளும் வந்து, உடல் கிடக்கும் இடத்திலிருந்து சுற்றியுள்ள ஊர்களுக்கு உள்ள தூரத்தை அளக்க வேண்டும். எந்த ஊர் மிக அருகில் இருக்கிறதோ, அந்த ஊரின் மூப்பர்கள் நுகத்தடி பூட்டாத இளம்பசு ஒன்றை, உழாத விதைக்காத பள்ளத்தாக்குக்கு ஓட்டிப்போய் அதன் கழுத்தை முறித்து, அதன்மேல் கைகழுவி, இந்த இரத்தத்தைச் சிந்தியவர்கள் நாங்கள் அல்லர் என்று அறிக்கையிட வேண்டும். உடலின் எந்தப் பகுதியிலிருந்து அளப்பது என்பதில்கூடப் பிற்கால அறிஞர்களுக்குள் சச்சரவு: தொப்புளிலிருந்து என்றார் எலியேசர், மூக்கிலிருந்து என்றார் அகிவா. இப்படி நூல் பிடித்து அளப்பது நமக்குச் சிரிப்பாக இருக்கலாம். ஆனால் யார் பொறுப்பிலும் சேராத நிலம் என்று ஒரு சாண்கூட இருந்துவிடக் கூடாது என்ற பிடிவாதம் அதற்குள் இருக்கிறது. கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட யூதச் சட்ட நூலான மிஷ்னா இந்த இடத்தில் நின்று கேட்கிறது: ஊர்ப் பெரியவர்கள் கொலைகாரர்கள் என்று யாராவது சந்தேகப்படுவார்களா? பிறகு எதற்காக அவர்கள் கைகழுவ வேண்டும்? எங்களிடம் வந்தவரை நாங்கள் சாப்பாடு கொடுக்காமல் அனுப்பவில்லை, கண்ணில் பட்டவரை வழித்துணை இல்லாமல் போகவிடவில்லை என்பதே அவர்கள் செய்யும் பிரமாணம் என்பது மிஷ்னா தரும் விளக்கத்தின் சாரம். கொல்லாதிருந்தால் மட்டும் போதாது. அவர் நம் ஊரைக் கடந்தபோது நாம் என்ன செய்தோம் என்பதற்கும் கணக்குக் காட்ட வேண்டும். கொலைகள் மலிந்தபோது இந்தச் சடங்கையே கைவிட்டார்கள் என்ற குறிப்பும் அங்கேயே வருகிறது. ஒரு சாவு ஊரையே உலுக்கும் காலத்தில்தான் இப்படிப்பட்ட சடங்குக்கு உயிர் இருக்கும்போல.

மிஷ்னாவை விளக்கி விரிக்கும் தல்மூது இன்னும் ஒரு படி போகிறது. ‘சோத்தா’ என்னும் அதன் பகுதியில், யார் யாரை எவ்வளவு தூரம் வழியனுப்ப வேண்டும் என்று ஒரு கணக்கே உண்டு. நண்பர் நண்பரை ஓய்வுநாள் எல்லை வரை, அதாவது 2,000 முழம். மாணவர் ஆசிரியரை அளவில்லாத தூரம். பிறகு அதற்கும் ஒரு வரம்பு சொல்கிறார்கள். ஆசிரியர் மாணவரை ஊரின் வெளி எல்லை வரை. மற்ற இரண்டோடு ஒப்பிட்டால் ஆசிரியருக்கு விதித்த தூரம் குறைவு என்று யாராவது குறைப்படலாம். நான் பார்ப்பது வேறொன்றை. மாணவரை வழியனுப்பும் கடமை ஆசிரியருக்கு உண்டு என்பதிலும், அது பாடம் நடந்த அறையின் வாசலில் முடிவதில்லை என்பதிலும் அங்கே சர்ச்சையே இல்லை. எவ்வளவு தூரம் என்பதுதான் பேச்சு. நம் பழைய இலக்கியத்துக்கும் இந்த உணர்வு அந்நியமானதன்று. பொருநராற்றுப்படையில் கரிகாலன், விடைபெற்றுப் போகும் பொருநனுக்குப் பின்னால் ஏழடி நடந்துவந்து, பிறகு வெண்குதிரை பூட்டிய தேரில் ஏறச் சொல்கிறான். ஏழடி நடந்தது மரியாதைக்கு. அதோடு நிறுத்தாமல் வண்டியும் கொடுத்தான் என்பதைக் கவனிக்க வேண்டும். மலைபடுகடாமோ, நன்னனிடம் போ என்று கூத்தனுக்குச் சொல்வதோடு நிற்பதில்லை. பன்றிக்கு வைத்த பொறி, வழுக்கும் பாறை, தினைப்புனக் காவலர் எறியும் கவண்கல் என்று வழியில் உள்ள ஆபத்துகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்கிறது. போகச் சொல்பவருக்கு வழியைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டும் என்ற எண்ணத்தின் மேல் ஆற்றுப்படை என்ற ஓர் இலக்கிய வகையையே கட்டியிருக்கிறார்கள்.

இதெல்லாம் பழங்கால விருந்தோம்பல், இன்றைய நிறுவனத்துக்கு எப்படிப் பொருந்தும் என்று கேட்கலாம். நம் சட்டமே மெல்ல மெல்ல இந்தப் பக்கம் நகர்ந்து வந்திருக்கிறது. 1952-இல் போர்பந்தர் அருகே உப்பளத் தொழிலாளர்கள் வேலை முடிந்து திரும்பும்போது, கழியைக் கடக்கும் படகு கவிழ்ந்து இறந்தார்கள். வேலையிடத்தின் எல்லையை ஓரளவு நீட்டிப் பார்க்கலாம் என்ற கொள்கையை 1958-இல் உச்ச நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. ஆனால் அந்தப் படகுத்துறை ஊரார் எல்லாரும் பயன்படுத்துவது, முதலாளியின் பொறுப்பு அதுவரை நீளாது என்று இழப்பீட்டை மறுத்துவிட்டது. பம்பாயில் பணி முடித்து நிறுவனத்தின் பேருந்திலேயே வீடு திரும்பிய ‘பெஸ்ட்’ நகரப் பேருந்து நிறுவன ஓட்டுநர் ஒருவர் விபத்தில் இறந்த வழக்கில், அந்தப் பயணமும் பணியின் பகுதிதான் என்று 1963-இல் அதே நீதிமன்றம் சொன்னது. 2010-இல் ஈ.எஸ்.ஐ. சட்டத்தில் சேர்த்த ஒரு பிரிவு, வீட்டுக்கும் வேலையிடத்துக்கும் நடுவே நேரும் விபத்தைத் தக்க தொடர்பு இருந்தால் வேலையால் நேர்ந்ததாகவே கொள்ளும்படி செய்தது. மாணவர் விஷயத்திலும் ஒரு கால் எடுத்து வைத்திருக்கிறோம்: பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கப் பல்கலைக்கழக மானியக் குழு கொண்டுவந்த 2015-ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகள், மாணவர் வந்துபோகக் கல்லூரி ஏற்பாடு செய்யும் வாகனத்தையும் ‘வளாகம்’ என்ற வரையறைக்குள் கொண்டுவருகின்றன. இதில் ஒரு கோணல் உண்டு. பேருந்து விடும் கல்லூரிக்குச் சாலையிலும் பொறுப்பு. விடாத கல்லூரிக்கு வாசலோடு சரி. பொறுப்பை ஏற்றவரைப் பிடித்துக்கொண்டு, ஏற்காதவரை விட்டுவிடுகிறது விதி. சட்டம் அப்படித்தான் எல்லை போட முடியும் என்று வாதிக்கலாம். அறமும் அதே கோட்டில் நிற்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

இதற்கு முதலில் வரும் மறுப்பு எளிமையானது: வேலைநிறுத்தத்தைக் கல்லூரியா செய்தது? செய்யாத ஒன்றுக்கு எப்படிப் பொறுப்பு? பொறுப்பு காரணத்திலிருந்து மட்டுமே பிறக்கிறது என்ற எண்ணம் இதன் அடியில் இருக்கிறது. ராபர்ட் குடின் என்ற அறவியலாளர் 1985-இல் எழுதிய ஒரு நூல் இந்த எண்ணத்தைத்தான் கேள்விக்கு உட்படுத்தியது. நாம் செய்த காரியமோ கொடுத்த வாக்கோ மட்டும் நம்மைப் பொறுப்பாளி ஆக்குவதில்லை. ஒருவருடைய நலம் நம் முடிவைச் சார்ந்து நிற்கிறது, நாம் முடிவை மாற்றினால் அவருக்கு நேரும் கேடு குறையும் என்றால் அந்தச் சார்பே கடமையைத் தருகிறது என்பது அவர் நிலைப்பாடு. கைகழுவிய மூப்பர்களும் கொலை செய்யவில்லை. கல்லூரியின் நிலையோ அவர்களுடையதைவிடவும் நெருக்கமானது. அந்த வழிப்போக்கரை மூப்பர்கள் கூப்பிடவில்லை. கல்லூரி கூப்பிடுகிறது, வராவிட்டால் தண்டமும் வைத்திருக்கிறது. 75 விழுக்காடு வருகைப்பதிவு இல்லாவிட்டால் தேர்வு எழுத முடியாது, அல்லது வருகைக் குறைவை மன்னிப்பதற்கான கண்டொனேஷன் கட்டணம் கட்டி, துறைத் தலைவர் மேசைக்கு முன்னால் கைகட்டி நிற்க வேண்டும். இப்படி ஒரு கட்டாயத்தை வைத்துக்கொண்டு, பேருந்து ஓடாதது என் குற்றமா என்று கேட்பது பாதி உண்மை. பேருந்தை நிறுத்தியவர் வேறு யாரோ. பேருந்து இல்லாத நாளிலும் வந்தே ஆக வேண்டும் என்று சொன்னவர் கல்லூரி முதல்வர்.

செய்ய முடிகிறவரிடம்தான் செய்ய வேண்டும் என்று சொல்ல முடியும் என்பது தத்துவவாதி கான்ட் அறத்துக்குப் போட்ட அடிப்படை நிபந்தனை. வேலைநிறுத்த நாளில் ‘முடியும்’ என்பதற்கு எல்லாருக்கும் ஒரே விலை இல்லை. சொந்த பைக் உள்ளவருக்குப் பெட்ரோல் செலவு. கல்லூரிக்குப் பக்கத்தில் அறை எடுத்தவருக்கு ஒன்றுமே இல்லை. 20 கிலோமீட்டர் தள்ளிக் கிராமத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வரும் மாணவிக்கு, லிஃப்ட் கேட்டுப் போவதா, அறிமுகமில்லாதவரின் வேனில் ஏறுவதா, இருட்டிய பிறகு விலக்கு ரோட்டிலிருந்து ஊருக்கு நடப்பதா என்பதுதான் கணக்கு. அந்தப் பயம் கற்பனை என்று சொல்ல வேண்டாம். 1998-இல் சென்னையில் ஆட்டோவில் வந்தவர்கள் கொடுத்த தொல்லையில் ஒரு கல்லூரி மாணவி உயிரை இழக்கும்படி ஆனது. அந்த ஆண்டுதான் தமிழ்நாடு பெண்களைக் கேலி செய்வதைத் தடுக்கும் சட்டத்தைக் கொண்டுவந்தது. பேருந்தில் கேலி நடந்ததாகப் புகார் வந்தால் வண்டியைக் காவல் நிலையத்துக்கு விட வேண்டிய பொறுப்பை ஓட்டுநர், நடத்துநர் மேல் சுமத்திய சட்டம் அது. பேருந்தே இல்லாத நாளில் அந்த நடத்துநரும் இல்லை. பொருளாதார ஆய்வாளர் கிரிஜா போர்க்கர் தில்லிப் பல்கலைக்கழக மாணவர்களிடம் செய்த ஆய்வு இந்தப் பயத்துக்கு ஒரு விலையே போட்டுக் காட்டியது: பாதுகாப்பானது என்று தாங்கள் கருதும் வழித்தடத்துக்காக மாணவிகள் தரம் குறைந்த கல்லூரியையும் ஏற்கிறார்கள், மாணவர்களைவிட ஆண்டுக்கு ஏறத்தாழ 18,800 ரூபாய் கூடுதலாகச் செலவிடவும் தயாராக இருக்கிறார்கள். பேருந்து ஓடும் நாட்களின் நிலவரமே இது. ஆகவே வேலைநிறுத்த நாளில் வருகைப்பதிவு எடுப்பது எல்லாரையும் சமமாக நடத்துவது என்று சொல்வதில் பொருளில்லை. ஒரே விதியை எல்லார் தலையிலும் வைத்தாலும், அதன் பாரம் சிலருக்கு மட்டுமே தெரிகிறது. லெஸ்போஸ் தீவின் கட்டடக்காரர்கள் கல்லின் வடிவுக்கேற்ப வளையும் ஈய அளவுகோலை வைத்திருந்ததைக் காட்டி, பொது விதி தவறும் இடத்தில் நியாயம் அப்படி வளைய வேண்டும் என்றார் அரிஸ்டாட்டில். நம் கல்லூரிகளுக்கு இந்த வளைவு தெரியாதது ஒன்றும் இல்லை. கிரிக்கெட் டீமுக்கு ஓ.டி., அதாவது ‘ஆன் டியூட்டி’, உண்டு. வேறு கல்லூரி சிம்போசியத்துக்குப் போனால் ஓ.டி. உண்டு. கல்ச்சுரல்ஸுக்கு மூன்று நாள் ஓ.டி. தாராளமாகக் கிடைக்கும். வகுப்பில் இல்லாதவரை இருந்ததாகக் கொள்ளும் வழி பதிவேட்டில் ஏற்கெனவே இருக்கிறது. அதை பஸ் இல்லாமல் வீட்டில் மாட்டிக்கொண்டவருக்குக் கொடுக்க மட்டும் கை வருவதில்லை.

கல்லூரி மாணவர் 18 வயது நிறைந்தவர், வரலாமா வேண்டாமா என்று அவரே முடிவெடுக்கட்டும் என்பது அடுத்த மறுப்பு. சரிதான், எடுக்கட்டும். வராவிட்டால் தண்டம் என்ற நிபந்தனையை எடுத்துவிட்டால் அவர் எடுப்பது முடிவு. நிபந்தனையை வைத்துக்கொண்டே சொன்னால், அது முடிவை அவர் தலையில் கட்டுவது. இதற்கு மேல் இந்த மறுப்பில் நின்று பேச எதுவும் இல்லை.

அடுத்தது அப்படிப்பட்டதன்று, இந்த வாதம் முழுவதையும் கவிழ்க்கக்கூடியது. கல்லூரிக்கு வழியிலும் பொறுப்பு உண்டு என்று ஒப்புக்கொண்டால், அந்தப் பொறுப்பு நாளைக்கே பூட்டாக மாறாதா? பாதுகாப்பு என்ற சொல்லை வைத்துத்தான் பெண்கள் விடுதிகளின் கதவை மாலை ஆறு மணிக்குச் சாத்தினார்கள், வார்டன் கையெழுத்தைக் கேட்டார்கள், அப்பாவுக்குப் போன் போட்டார்கள். அதை எதிர்த்து 2015-இல் தில்லியில் மாணவிகள் ‘பிஞ்ச்ரா தோட்’ (கூண்டை உடை) என்று இயக்கமாகவே கிளம்பினார்கள். 2022-இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரி மாணவிகள் இரவு 9.30 மணிக் கட்டுப்பாட்டை எதிர்த்து வழக்குப் போட்டபோது, பெண்களை மட்டும் ஏன் பூட்டி வைக்க வேண்டும் என்று கேரள உயர் நீதிமன்றமே கேட்டது. வேலைநிறுத்த நாளில் ‘மாணவிகள் மட்டும் வர வேண்டாம்’ என்றோ, ‘மாலை நான்கு மணிக்குள் பெண்கள் கிளம்பிவிட வேண்டும், ஆய்வகம் ஆண்களுக்கு மட்டும் திறந்திருக்கும்’ என்றோ ஒரு சுற்றறிக்கை வருவதை எளிதாகக் கற்பனை செய்யலாம். இந்த அச்சம் நியாயமானது. மிஷ்னாவின் விளக்கத்தை இன்னொரு முறை பார்த்தால் இதற்கு விடை அங்கேயே கிடைக்கிறது. அவரை ஏன் ஊரை விட்டுப் போகவிட்டீர்கள் என்று மூப்பர்களிடம் யாரும் கேட்பதில்லை. ஏன் சாப்பாடு கொடுக்காமல், துணை இல்லாமல் போகவிட்டீர்கள் என்பதே அவர்கள் பதில் சொல்ல வேண்டிய கேள்வி. போவதா, எங்கே போவது என்பது வழிப்போக்கரின் இஷ்டம். வழித்துணை அவர் போகும் திசையில் போகிறது. பூட்டு அவரை நிறுத்துகிறது. ஆக, ஓர் ஏற்பாடு உண்மையில் பாதுகாப்பா கட்டுப்பாடா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு: அது இல்லாவிட்டால் மாணவி செய்ய முடியாத ஒன்றை அது செய்ய வைக்கிறதா, அல்லது செய்ய முடிந்ததைத் தடுக்கிறதா? மாலை வரை ஆய்வகத்தில் இருந்தவரை ஊர் விலக்கு வரை கொண்டுபோய் விடும் வேன் முதல் வகை. நான்கு மணிக்கே கிளப்பிவிடுவது இரண்டாவது வகை. இந்தச் சோதனையில் தோற்கும் எந்தச் சுற்றறிக்கையையும், அக்கறையோடு எழுதியதாகவே இருந்தாலும், மாணவிகள் கிழித்துப்போடுவதில் தவறில்லை.

பழியெல்லாம் தொழிலாளர் மேல்தானே என்ற குரலும் உண்டு. 2003 ஜூலையில் தமிழக அரசு ஊழியர் வேலைநிறுத்தத்தில் சுமார் 1,70,000 பேரை ஒரே அடியாக வேலையிலிருந்து நீக்கியது அன்றைய அரசு. அது தொடர்பான வழக்கில் அதே ஆண்டு ஆகஸ்ட் 6-ஆம் தேதி உச்ச நீதிமன்றம், அரசு ஊழியருக்கு வேலைநிறுத்தம் செய்யச் சட்டப்படியான உரிமையும் இல்லை, அறநோக்கிலான நியாயமும் இல்லை என்று தீர்ப்பளித்தது. சட்ட உரிமை உண்டா இல்லையா என்று நீதிமன்றம் சொல்லலாம். அறத்தையும் சேர்த்துத் தீர்த்துவைக்க அதற்கு அதிகாரம் உண்டா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. 2018-இல், சேர வேண்டிய நிலுவைத் தொகைக்காக ஓய்வுபெற்ற ஓட்டுநர் ஆண்டுக்கணக்கில் காத்திருந்த நிலைமையில், கடைசி ஆயுதத்தைக் கையில் எடுத்தவரை அறமற்றவர் என்று என்னால் சொல்ல முடியவில்லை. அதற்காகப் பயணிகள்பால் சங்கத்துக்குப் பொறுப்பே இல்லை என்றும் ஆகாது. மாலை நேரத்தில் முன்கூட்டிச் சொல்லாமல் பேருந்தைப் பாதியில் நிறுத்தியது தவறு. இதற்கு மாறான ஓர் உதாரணம் உண்டு. அமெரிக்காவின் மாண்ட்கமரியில் 1955 டிசம்பர் 5-ஆம் தேதி தொடங்கி 381 நாள் கறுப்பின மக்கள் இனப்பாகுபாட்டை எதிர்த்துப் பேருந்தைப் புறக்கணித்தார்கள். அந்த அழைப்பின் துண்டறிக்கைகளை ஓர் இரவில் கல்லூரியின் நகல் இயந்திரத்திலேயே அடித்தவர், அலபாமா அரசுக் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்த ஜோ ஆன் ராபின்சன். அவருடைய மாணவர்கள் இருவர் கூட இருந்தார்கள். பேருந்தில் ஏறாதீர்கள் என்று சொன்னவர்கள் அதோடு நிற்கவில்லை. சுமார் 300 கார்களைத் திரட்டி, ஏறும் இடம் இறங்கும் இடம் குறித்து, தேவாலயங்களின் பெயரில் வேன்களும் வாங்கி, வேலைக்குப் போகிறவர்களைக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். போராட்டத்துக்கு அழைத்தவரே வழிக்கும் பொறுப்பேற்ற முன்னுதாரணம் இது. நம் சங்கங்கள் பள்ளி, கல்லூரித் தடங்களில் காலை ஒரு நடை, மாலை ஒரு நடை ஓட்டிவிட்டுப் போராடலாமே என்று கேட்பதில் தப்பில்லை. ஆனால் சங்கம் தன் கடமையில் தவறியதாலேயே கல்லூரியின் கடமை கரைந்துபோய்விடாது. ஒருவர் பங்கை அடுத்தவர் பங்கில் கழிப்பதற்கு இதில் இடமில்லை.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். மழை பெய்தால் மாவட்ட ஆட்சியர் விடுமுறை விடுகிறார். சில நேரம் தூறலுக்கே விடுகிறார் என்று மீம் போட்டுச் சிரிக்கிறோம். வேலைநிறுத்தத்துக்கு மட்டும் அந்தக் கை எளிதில் நீள்வதில்லை. இரண்டிலும் மாணவர் படும் இடர் கிட்டத்தட்ட ஒன்றுதான். வித்தியாசம் அரசியலில் இருக்கிறது. மழைக்கு விடுமுறை விட்டால் மழை ஜெயித்ததாக யாரும் சொல்ல மாட்டார்கள். வேலைநிறுத்தத்துக்கு விட்டால் சங்கம் ஜெயித்ததாக ஆகிவிடும். ஆகவே பெரும்பாலான பேருந்துகள் ஓடுகின்றன என்று அறிக்கை வரும், பள்ளி கல்லூரிகள் வழக்கம்போல் இயங்கின என்று அதற்குச் சான்றும் வரும். அந்தச் சான்றை உண்டாக்குவதற்காகத்தான் மாணவி தற்காலிக ஓட்டுநர் ஓட்டும் பேருந்தின் படியில் தொங்கிக்கொண்டு வர வேண்டியிருக்கிறது. மனிதரை வெறும் கருவியாகப் பயன்படுத்தாதே என்று கான்ட் சொன்னதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் தேட வேண்டியதில்லை. 2018-இல் வேலைநிறுத்தம் முடிந்த அடுத்த வாரமே, ஜனவரி 20-ஆம் தேதி, பேருந்துக் கட்டணம் ஏறியது. டவுன் பஸ்ஸின் குறைந்தபட்சக் கட்டணம் 3 ரூபாயிலிருந்து 5 ரூபாயானது. அதுவரை யாரும் கருத்துக் கேட்காத மாணவர்கள் ஊருக்கு ஊர் தெருவில் இறங்கினார்கள், மாத இறுதியில் அரசு சற்றே இறங்கி வந்தது.

எல்லாம் சரி, சிறிய கல்லூரிக்கு வேனுக்கு எங்கே பணம் என்று கேட்பார்கள். முடிகிறவரிடம்தான் கேட்க முடியும் என்ற கான்ட்டின் நிபந்தனை கல்லூரிக்கும் உண்டு. தல்மூது எல்லாருக்கும் ஒரே தூரத்தை விதிக்கவில்லை. 60 பேருந்து வைத்திருக்கும் பொறியியல் கல்லூரி பக்கத்து அரசுக் கலைக் கல்லூரி மாணவரையும் ஏற்றிக்கொண்டு வரலாம். ஒரு பேருந்துகூட இல்லாத கல்லூரியிடம் அதைக் கேட்க முடியாது. அதனிடம் கேட்கக்கூடியவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் பணமே வேண்டாம். அந்த நாட்களின் வருகைப்பதிவைக் கணக்கில் எடுக்காதிருக்கலாம். தேர்வு இருந்தால் தள்ளிவைக்கலாம், அல்லது வர முடியாதவருக்குத் தனியாக மறுதேர்வு வைக்கலாம். கல்லூரியை மூடவும் வேண்டாம். மூடினால் வீட்டில் படிக்க இடமில்லாதவருக்குத்தான் இழப்பு. நூலகத்தைத் திறந்து வைத்து, மாலையில் திரும்ப வழியில்லாதவர் விடுதியில் ஓர் இரவு தங்க அனுமதிக்கலாம். எந்த மாணவர் எந்தத் தடத்தில் எத்தனை பஸ் மாறி வருகிறார் என்ற பட்டியல் ஒன்று அலுவலகத்தில் இருந்தால் இதில் பாதி வேலை முடிந்துவிடும். சேர்க்கை விண்ணப்பத்தில் சாதி, வருமானம், அப்பாவின் தொழில் எல்லாம் கேட்கும் நாம் இதை மட்டும் கேட்பதில்லை.

பேருந்து போன்ற பொதுப் பயன்பாட்டுச் சேவையில் வேலைநிறுத்தம் செய்ய 14 நாள் முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும் என்பது சட்டம். அறிவிப்பு கொடுத்த செய்தி நாளிதழில் வரும். கல்லூரி முதல்வர் அறை மேசைக்கு அந்த நாளிதழும் வரும். கல்விக்குழுவைக் கூட்டி ஒரு பக்கத் தீர்மானம் எழுத 14 நாள் தாராளம். அடுத்த அறிவிப்பு வரும் வரைகூடக் காத்திருக்காமல், இந்தப் பருவத்திலேயே அதை எழுதிவிடுங்கள் என்று கல்லூரி முதல்வர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.